குழாய்க்கிணறு அடிக்க முன்: சின்னத் தீவொன்றின் நன்னீரை அளப்பதும் காப்பதும்

யாழ்ப்பாணத் தீவகத்திலுள்ள புங்குடுதீவைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: ஊரில் நல்ல தண்ணிக் கிணறு என்று பெயரெடுத்த கிணறுகள்கூட ஆவணிக்குள் உவர்க்கத் தொடங்கிவிட்டன. வெளிநாட்டிலுள்ள ஊர்ச்சங்கங்கள் பணம் சேர்த்துத் தர ஆயத்தமாக இருக்கின்றன. நாலைந்து இடத்தில் ஆழமான குழாய்க்கிணறு அடிக்கலாமா? தீவின் அடியில் உண்மையில் எவ்வளவு நன்னீர் இருக்கிறது என்று எப்படி அறிவது? இருப்பதை எப்படிக் காப்பது?

முதற் கேள்விக்கு உடனேயே பதில் சொல்லிவிடுகிறேன்: அடிக்க வேண்டாம். குறைந்தபட்சம் ஒரு மாரியும் ஒரு கோடையும் அளந்து பார்க்கும்வரை அந்தப் பணத்தைத் தொட வேண்டாம். பெருநிலமான வன்னியில் ஆழம் போனால் நல்ல ஊற்று கிடைக்கலாம். தீவில் ஆழம் போனால் கிடைப்பது கடல். இந்த ஒரு வித்தியாசம் விளங்காமல் நல்ல மனதோடு அனுப்பப்பட்ட பணம், இருந்த நன்னீரையும் கெடுத்த இடங்கள் உண்டு.

காரணத்தைச் சொல்கிறேன். தீவில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, அடியிலே ஏற்கெனவே ஊறிக்கிடக்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பாரமானது. அதனால் இரண்டும் உடனே கலந்துவிடாமல், நன்னீர் நடுவில் தடித்து, கரைப்பக்கம் மெலிந்து, வில்லை வடிவில் தங்குகிறது. நீரியல்காரர் இதை நன்னீர் வில்லை என்பார்கள். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது சாண் இருக்க இடமுண்டு என்பது கணக்கு. 1880களின் கடைசியில் பாடோன் கைபன் என்ற டச்சுப் பொறியியலாளரும், 1901இல் ஜேர்மனியின் வடகடல் தீவான நோர்டெர்னியில் கிணறுகளை ஆராய்ந்த ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டது இது. இன்றைக்கும் சிறு தீவுகளில் வேலை தொடங்குவது இந்தக் கணக்கிலிருந்துதான்.

நாற்பது மடங்கு என்றதும் மனம் குளிர்ந்துவிட வேண்டாம். அதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். மிசின் போட்டு இறைத்து ஒரு கிணற்றின் நீர்மட்டத்தைப் பத்து சென்ரிமீற்றர் இறக்கி அப்படியே வைத்திருந்தால், அந்தக் கிணற்றுக்கு நேர் கீழே உவர்நீர் நாலு மீற்றர் மேலே எழும்பப் பார்க்கும். கூம்பு மாதிரிக் குவிந்து எழும். இறைப்பை நிறுத்தினாலும் எழும்பின வேகத்தில் அது இறங்காது. எழும்பிய உவரும் நன்னீரும் கலந்த பகுதி தடித்துப்போய் அடுத்த நல்ல மாரி வரைக்கும் நிற்கும். ஆழமான குழாய்க்கிணறு என்பது இந்தக் கூம்பின் உச்சிக்கே போய்க் குழாயை வைப்பது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவகத்திலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பசிபிக் பவளத்தீவுகளில் மேலே மணலும் கொறுங்கலுமாக ஓரளவு சீரான நிலம். எங்களுடையது மயோசீன் என்ற பழைய புவிக்காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீர் கரைத்துக் கரைத்து வெடிப்பும் குகையுமாகிப் போன கல். ஒரு வளவில் கல்லின் வெடிப்பு கடலோடு தொடுத்திருக்கும், அடுத்த வளவில் இராது. அதனால்தான் ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் குடிக்கலாம், அந்தப் பக்கம் குளிக்கவும் கூடாது என்று இருக்கிறது. கைபன் கணக்கை இங்கே சூத்திரமாகப் போட்டால் பிழைக்கும். உண்மையான குடிநீர்த் தடிப்பு அந்தக் கணக்கு சொல்வதைவிட எப்போதும் குறைவு. கணக்கு சொல்வது நன்னீரும் கடல்நீரும் பாதிக்குப் பாதி கலந்திருக்கும் மட்டத்தை. குடிக்கத் தக்க தண்ணீர் அதற்கு மிக மேலேயே முடிந்துவிடும். கடல்நீர் மூன்று வீதம் கலந்தாலே குளோரைட்டு லீற்றருக்கு 600 மில்லிகிராம் அளவுக்குப் போய்விடும். 250ஐத் தாண்டும்போதே நாக்குக்குத் தெரியும்.

ஆனால் அயல்தீவான வேலணைப் பக்கம் சாட்டி, மண்கும்பான், அல்லைப்பிட்டி என்று போகிற கரையில் கல்லின்மேல் மணல் படிந்திருக்கிறது. அந்த மணல்தான் அங்கத்தைய நல்ல தண்ணியின் வீடு. புங்குடுதீவுக்குச் சாட்டியிலிருந்து பவுசர் என்ற தாங்கி லொறியில் தண்ணி வந்ததற்குக் காரணமும் அந்த மணலே. ஆகவே உங்கள் தீவின் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது வேலணையோடு தொடுக்கும் வாணர் பாலத்துக்கு அந்தப் பக்கத்து மணலையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இனி அளப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் தேவைப்படுவது பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. நீண்ட வயர் பூட்டிய ஒரு மின்கடத்துதிறன் மானி, ஓர் அளவு நாடா, ஒரு கொப்பி, சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குப் போகக்கூடிய இரண்டு பிள்ளைகள். உப்புக் கூடக் கூட நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கடல்நீர் ஏறத்தாழ 50,000 மைக்ரோசீமன்ஸ் காட்டும், மழைநீர் சில பத்துகளே காட்டும். பசிபிக்கிலுள்ள கிரிபாட்டி நாட்டின் தராவாத் தீவில் 2,500 வரை காட்டுவதை நன்னீர் என்று வைத்து வேலை செய்கிறார்கள். அந்த எல்லை எங்களுக்கும் ஒரு தொடக்கத்துக்குப் போதும். குடிப்பதற்கு அதைவிடக் குறைவாக இருப்பது நல்லது.

மானியை எப்படி இறக்குகிறோம் என்பதில்தான் விசயம் இருக்கிறது. பெரும்பாலானோர் வாளியில் மேல்தண்ணியை அள்ளி அளந்து எழுதுகிறார்கள். அது பாதிக் கதை. விடியப்புறம், யாரும் அள்ளமுன், மிசின் போடமுன், கிணற்றடியில் நில்லுங்கள். முதலில் கிணற்றுக் கட்டின் ஒரு குறித்த புள்ளியிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு கீழே என்று நாடாவால் அளந்து எழுதுங்கள். பிறகு மானியின் தலையை நீர்மேல் தொட்டதும் ஒரு வாசிப்பு. அரை மீற்றர் இறக்கி, எண் அசையாமல் நிற்கும்வரை பொறுத்து, இன்னொன்று. அப்படியே அடிமட்டம் வரை. ஒரு கிணற்றில் மேலே 900, நடுவில் 950, அடியில் 2,800 என்று வந்தால் உவர் கீழிருந்து எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். அந்தக் கிணற்றைக் கையால் அள்ளலாம், மிசினால் தொடக்கூடாது. இன்னொரு கிணற்றில் மேலிருந்து கீழ்வரை ஒரே 2,000 என்று வந்தால் அது வேறு கதை: பக்கத்துத் தரவையில், அதாவது மாரியில் தண்ணி நிற்கும் வெறும் தாழ்நிலத்தில், வெயிலுக்கு வற்றிய உப்பு மழையோடு இறங்கியிருக்கலாம், தோட்டத்தில் இறைத்த தண்ணி ஆவியாகி உப்பை விட்டுவிட்டுத் திரும்ப ஊறியிருக்கலாம். கிணற்றுக்குள்ளேயே தண்ணி கலங்கி ஒரே மாதிரி ஆகியிருக்கவும் இடமுண்டு. பக்கத்துக் கிணறுகளோடு ஒப்பிட்டால் தெரியும். இரண்டும் நாக்குக்கு ஒரே உவர், ஆனால் மருந்து வேறு வேறு. முதலாவதுக்கு இறைப்பைக் குறைக்க வேண்டும். இரண்டாவதுக்கு நிலத்தின் மேலே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்றைக்கே, யாராவது மிசின் போட்டு ஒரு மணித்தியாலம் இறைத்த பின் அதே கிணற்றில் மறுபடி அளந்து பாருங்கள். விடிய எழுதிய எண்ணுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் கிணற்றுக்காரருக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படாது. தன் கண்ணாலே கண்ட எண்ணுக்கு இருக்கும் பலம் எந்த அறிவித்தல் பலகைக்கும் இல்லை.

எல்லாக் கிணறுகளையும் மாதந்தோறும் அளக்க முடியாது. ஒருமுறை எல்லாவற்றையும் அளந்து ஒரு வரைபடம் போடுங்கள். ஆட்கள் குடியிராத வளவுகளின் தூர்ந்த கிணறுகளையும் விடாதீர்கள். தொண்ணூறுகளின் இடப்பெயர்வுக்குப் பின் இறைப்பே இல்லாமல் கிடக்கும் கிணறுகள் ஒரு பெரிய வாய்ப்பு. மனிதக் கை படாதபோது அந்த இடத்தின் தண்ணி எப்படி இருக்கும் என்று அவைதான் சொல்லும். பிறகு வரைபடத்திலுள்ள கிணறுகளில் இருபது முப்பதைத் தெரிந்து, புரட்டாதிக் கடைசியிலும் தை மாதத்திலும் கட்டாயம், இடையில் முடிந்தபோதெல்லாம் அளந்து வாருங்கள். எங்கள் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகவே புரட்டாதியில் வில்லை மிக மெலிந்து நிற்கும், தையில் மிகத் தடித்து நிற்கும். இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் தீவின் தண்ணி மூச்சு விடுவது தெரியும்.

நீர்மட்டத்தைக் கடல்மட்டத்தோடு ஒப்பிட வேண்டுமானால் நிலஅளவையாளர் ஒருவரைப் பிடித்துக் கிணற்றுக் கட்டுகளை ஒரே மட்டத்துக்குத் தொடுக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். அளவையில் ஐந்து சென்ரிமீற்றர் பிழைத்தால் கணக்கில் இரண்டு மீற்றர் நன்னீர் இல்லாமலே இருப்பதாகக் காட்டும். கடலின் வற்றுப்பெருக்கும் கிணறுகளுக்குள் வந்து போகும். பாக்கு நீரிணையில் வற்றுப்பெருக்கின் வீச்சு சிறியதுதான் என்றாலும், கல்வெடிப்பு கடலோடு தொடுத்த கிணற்றில் நீர்மட்டம் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். இருபத்தைந்து மணித்தியாலம் தொடர்ந்து அளந்தால் எந்தக் கிணறு கடலுக்கு எவ்வளவு சொந்தம் என்று தெரிந்துவிடும். அதிகம் அசையும் கிணறுகளைக் குடிநீர்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

நிலத்தை வெட்டாமலே உவரின் ஆழத்தைப் பார்க்க மின்தடைத்திறன் ஆய்வு என்று ஒன்று உண்டு. நிலத்தில் கம்பிகளைக் குத்தி மின்சாரம் விட்டு, உப்புநீர் இலகுவாகக் கடத்துவதை வைத்து அடியைக் கணிப்பது. நல்ல முறை, நீர்வளச் சபையிடமும் பல்கலைக்கழகங்களிலும் கேட்டால் செய்யக்கூடியவர்கள் உள்ளனர். ஆனால் களிமண்ணும் உப்புநீரைப் போலவே கடத்தும். ஆகவே ஓரிரு கண்காணிப்புத் துளையாவது போட்டுச் சரிபார்க்காமல் அந்தப் படத்தை நம்பி முடிவெடுக்கக்கூடாது. கண்காணிப்புத் துளையிலும் கவனம் வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஓட்டை போட்ட ஒற்றைக் குழாய் வைத்தால் அந்தக் குழாய்க்குள்ளேயே உவரும் நன்னீரும் ஏறி இறங்கிக் கலந்து பொய் சொல்லும். தராவாவில் செய்வதுபோல வெவ்வேறு ஆழத்துக்குத் தனித்தனிச் சின்னக் குழாய் இறக்கி, இடையிடையே நனைந்தால் ஊதி அடைக்கும் பென்ரனைற்றுக் களிமண்ணால் அடைத்து வைத்தால்தான் ஒவ்வொரு ஆழத்தின் தண்ணியையும் தனியே எடுக்கலாம். சங்கத்தின் பணத்தில் துளை போட்டே ஆக வேண்டும் என்று யாராவது நின்றால், இப்படி ஒன்று போடச் சொல்லுங்கள்.

அடுத்து, மழையில் எவ்வளவு உள்ளே இறங்குகிறது? எங்கள் பகுதிக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் என்று வைப்போம். அதில் மரம் குடிப்பது, வெயில் குடிப்பது, கடலுக்கு ஓடுவது போக மிச்சம்தான் வில்லைக்கு. இதைக் கணிக்க மலிவான வழி குளோரைட்டுக் கணக்கு. மழையோடு விழும் உப்பைச் செடி குடிக்காது, வெயில் ஆவியாக்காது. தண்ணி குறைய உப்புச் செறியும். மழைநீரில் லீற்றருக்கு 12 மில்லிகிராம் குளோரைட்டும், கடல் எட்டாத ஒரு கிணற்றின் மேல்நீரில் 60 மில்லிகிராமும் இருந்தால், ஐந்து பங்கு மழையில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் தீவின் எண்ணை நீங்கள் எடுக்க வேண்டும். கடற்காற்று கொண்டுவந்து கொட்டும் உப்புத்தூசியையும் சேர்க்க வேண்டுமென்பதால், மழைமானியை மழைக்கு மட்டும் திறவாமல் வருடம் முழுக்கத் திறந்தே வைத்துக் கழுவி எடுத்து அளக்க வேண்டும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் விட்டுக் குளோரைட்டு அளப்பதை உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே செய்யலாம்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். நன்னீர் நிற்கும் பகுதி ஒரு சதுர கிலோமீற்றர் என்றும், மழையில் ஐந்தில் ஒன்று இறங்குகிறது என்றும் வைத்தால் வருடத்துக்கு 240,000 கனமீற்றர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 650 கனமீற்றர். அத்தனையையும் எடுத்துவிட முடியாது. வில்லை நிற்பதற்கே அதில் பெரும்பகுதி கரைக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஓட்டம்தான் கடலை வெளியே தள்ளி வைத்திருக்கிறது. "கடலுக்கு வீணாகப் போகுது" என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். சின்னத் தீவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடாமல் இருப்பது பாதுகாப்பு. அப்படியானால் கைக்கு வருவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 220 கனமீற்றர். ஆளுக்கு 60 லீற்றர் என்றால் மூவாயிரத்து அறுநூறு பேருக்கு இது போதும். ஆனால் தோட்டத்து மிசின் ஒன்று மணித்தியாலத்துக்கு 15 கனமீற்றர் இறைக்கும் என்றால், ஐந்து தோட்டக்காரர் ஆளுக்கு மூன்று மணித்தியாலம் இறைத்தால் அதே தண்ணி முடிந்துவிடும். தோட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. எந்தத் தோட்டம், எந்த மாதம், எந்தக் கிணறு என்பதை ஊர் கூடி முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். பங்குனிக்குப் பிறகு நீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறுவது, வாய்க்காலில் விடாமல் சொட்டுநீர்க் குழாய் போடுவது போன்றவற்றுக்குச் சங்கப் பணம் போகட்டும்.

எடுக்கிற விதத்தைப் பற்றி: ஒரே இடத்தில் ஆழமாக எடுப்பதைவிடப் பல இடத்தில் மேலோட்டமாக, மெதுவாக எடுப்பதே தீவுக்கு ஏற்றது. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் தீவகக் கிணறுகள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் இந்த மெதுவே. தராவாவின் பொன்ரிக்கியில் குழாய்க்கிணறே இல்லை. நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே ஓட்டைக் குழாய்களைக் கிடையாக நூற்றுக்கணக்கான மீற்றருக்குப் புதைத்து, நடுவில் ஒரு கிணற்றில் சேர்த்து மெதுவாக எடுக்கிறார்கள். அந்த ஒரே வில்லையிலிருந்து நாளொன்றுக்கு 1,660 கனமீற்றர் வரை எடுக்கலாம் என்று மதிப்பிட்டு, ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வாழும் தெற்குத் தராவாவுக்குக் குழாயில் கொடுத்து வந்திருக்கிறார்கள். சாட்டி, அல்லைப்பிட்டி மாதிரி மணல் இடங்களில் இது செய்யலாம். புங்குடுதீவுக் கல்லில் இவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது பெரும் செலவு. அங்கே பத்துக் கிணற்றில் சின்ன மிசினால் பத்துப் பதினைந்து நிமிடம் என்று பரப்பி எடுப்பதே வழி. உறிஞ்சு குழாயின் வாயை விடியற்கால நீர்மட்டத்துக்கு அரை மீற்றருக்குக் கீழே போகவிடாமல் கிணற்றுக் கட்டோடு சேர்த்துக் கட்டினால், மட்டம் அதுவரை இறங்கினதும் மிசின் காற்றை இழுக்கும், தண்ணி வருவது தானே நின்றுவிடும். பெரிய செலவில்லாத காவல் இது.

லட்சத்தீவுகளில் மின்பம்பு போட்டு இறைப்பதால் கிணறுகள் உவராகின்றன என்று தீவுவாசிகள் வழக்குப் போனார்கள். 1990இல் கேரள உயர் நீதிமன்றம் நல்ல தண்ணீருக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையின் பகுதிதான் என்று சொன்னது. எங்களிடம் நீதிமன்றம் போகாமலே பிடித்துக்கொள்ளக்கூடிய ஒரு மரபு இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள், காணியோடு கிணற்றில் எத்தனை பங்கு, வழி வாய்க்கால் உரிமை என்ன என்று எழுதியிருக்கும். பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைத்துப் பழகிய சனம் நாங்கள். அந்த முறையை மணித்தியாலக் கணக்கிலிருந்து மானி காட்டும் எண்ணுக்கு மாற்றினால் போதும்: விடியற்கால வாசிப்பு இன்ன எண்ணைத் தாண்டினால் அந்தக் கிணற்றில் அந்த மாதம் மிசின் இல்லை. வெளியார் வந்து போடும் சட்டத்தைவிடப் பங்காளிகள் ஒத்துக்கொண்ட முறைக்கு மதிப்பு அதிகம். தராவாவில் இதுவே தலைகீழாக நடந்தது. நன்னீர் நிற்கும் நிலத்தை அரசு நீர் ஒதுக்கமாக அறிவித்தது, நிலமோ குடும்பங்களுடையது. அவர்களோடு சரியாகப் பேசி முடிக்காததால் ஒதுக்கத்துக்குள்ளேயே வீடும் தோட்டமும் மணல் எடுப்பும் வந்து, பல ஆண்டுப் பிணக்காகிப் போனது.

காப்பதில் மிக அவசரமானது மலசலகூடம். கரைந்த சுண்ணாம்புக் கல்லில் கிணற்றுக்கும் குழிக்கும் இத்தனை அடி தூரம் என்ற விதி நம்பக்கூடியதல்ல. மணல் வடிகட்டும், வெடிப்பு வடிகட்டாது. குழியில் விட்டது வெடிப்பு வழியே ஒரு மழைக்குள் கிணற்றுக்கு வரலாம். அடி பூசிய, நீர் கசியாத தொட்டியாகக் கட்டி, நிரம்பினதும் பவுசரில் எடுத்துப் போவதே சரி. திரும்பி வந்து வீடு கட்டுபவர்களுக்கு வீட்டுத் திட்ட உதவி கொடுக்கும்போதே இதை நிபந்தனையாக வைக்க வேண்டும். யாழ்ப்பாணத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டுவது பழைய செய்தி. உரமும் மலக்குழியும் இரண்டும் காரணம். நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை, கொதிக்கவைத்தாலும் போகாது. பால்மாக் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து. உவரில்லாத கிணறு என்று சந்தோசப்பட்டுவிடாமல் வருடத்துக்கு ஒருமுறையாவது நைத்திரேற்றும் கிருமியும் பரிசோதியுங்கள்.

மணல் அள்ளுவதைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். கரைமணல் மேட்டை லொறியில் ஏற்றுவது தண்ணித் தாங்கியை ஏற்றிப் போவதுதான். மேடு குறையக் குறைய நீர்மட்டம் வெயிலுக்கு நெருங்கும், குழி நீர்மட்டத்தைத் தொட்டால் ஆவியாதல் நேரடியாகத் தொடங்கும், கடல் பெருகும்போது தடுக்க மேடும் இல்லை. ஒரு தீவில் வீடு கட்ட எடுத்த மணல் அடுத்த தீவுக்குப் பவுசரில் போகும் தண்ணியைக் குறைக்கிறது.

தரவைக்குள் கடல்நீர் ஏறாமல் தடுக்கும் பழைய அணைகளையும், அவற்றின் மதகுகளையும் மாரிக்கு முன் திருத்துவது செலவு குறைந்த, பலன் நிச்சயமான வேலை. மழைத்தண்ணி தரவையில் சில வாரம் கூடுதலாக நின்றால் அந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் அதை உணரும். குளம் தூர்வாருவதில் மட்டும் அவதானம். வண்டலை எடுங்கள், அடியிலுள்ள களியை உடைக்காதீர்கள். இயந்திரம் வந்துவிட்டதே என்று கல்வரை தோண்டினால், கல்வெடிப்பால் தண்ணி ஓடிவிடும் அல்லது கோடையில் உவர் ஊறும். அப்படிக் கெட்டுப்போன கேணிகளைப் பார்த்திருக்கிறேன், திருத்துவது மிகக் கடினம்.

புயலோடு கடல் ஏறினால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். 1964 மார்கழியில் தனுஷ்கோடியை அழித்த புயலும் கடலும் எங்களுக்குத் தூரத்துச் செய்தி அல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக் கரையில் கிணறுகளை மறுபடி மறுபடி இறைத்துச் சுத்தம் செய்தார்கள். அள்ளின தண்ணியின் இடத்துக்கு மேலும் உவரே வந்தது. பெருமளவில் சுத்தமாக்கியது அடுத்தடுத்த மழைதான். குக் தீவுகளின் புகாபுகாவில் 2005இல் பெர்சிப் புயல் கடலைத் தீவுக்குள் தள்ளியபின் கிணற்றுநீர் மறுபடி குடிக்கத் தக்கதாக ஏறத்தாழ பதினொரு மாதம் எடுத்தது. ஆகவே கிணற்றை ஒருமுறை இறைத்துச் சேற்றையும் செத்ததையும் எடுத்துவிட்டு, குளோரின் போட்டு, மழைக்குப் பொறுத்திருக்க வேண்டும். அந்த மாதங்களுக்கு வேறு தண்ணி வேண்டும்.

அந்த வேறு தண்ணி கூரையில் இருக்கிறது. ஐம்பது சதுர மீற்றர் ஓட்டுக்கூரையில் 1,000 மில்லிமீற்றர் மழை விழுந்தால், சிந்தியது போக 40,000 லீற்றர் பிடிக்கலாம். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லீற்றர் என்றால் மழையில்லாத ஒன்பது மாதத்துக்கு வேண்டியது 6,750 லீற்றர். 8,000 லீற்றர்த் தொட்டி ஒன்று ஒரு வீட்டின் குடிநீரை முடித்துவிடும். முதல் மழையை வெளியே விட ஒரு திருகு குழாய், நுளம்பு புகாத மூடி, வெளிச்சம் படாத தொட்டி. இவ்வளவுதான். குடிக்க மழை, குளிக்கவும் தோய்க்கவும் மரத்துக்கும் கிணறு என்று பிரித்துவிட்டால் கிணற்றிலிருந்து குடிக்கத் தக்க தண்ணியைப் பிழிந்தெடுக்கும் நெருக்கடி குறையும்.

கடல்நீரை நன்னீராக்குவது பற்றியும் கேட்பீர்கள். வடமராட்சி கிழக்கில் தாளையடி நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவோடு 2024இல் திறக்கப்பட்டது. குடாநாட்டுக்கு அது பெரிய ஆறுதல், குழாய் வரும் இடங்கள் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் ஒரே நிலையத்தில் முழுப்பாரத்தையும் வைத்த, மாலைதீவின் தலைநகரான மாலேக்கு 2014 மார்கழியில் என்ன நடந்தது என்பதை மறக்கக்கூடாது. நிலையத்தில் தீப்பிடித்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தண்ணியில்லாமல் நிற்க, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணி அனுப்பியது. கிணறுகளை ஏற்கெனவே கெடுத்துவிட்ட நகரத்துக்குத் திரும்பிப் போக இடம் இருக்கவில்லை. குழாய் வந்தாலும் கிணற்றைக் கைவிடாதீர்கள், அதற்குள் குப்பை போடவும் விடாதீர்கள்.

உவர்நீரை நன்னீராக்க ஊருக்குள் வைக்கும் சின்ன வடிகட்டி நிலையங்களில் ஒரு விசயத்தைக் கட்டாயம் கேளுங்கள்: வெளியேறும் உப்புத்தண்ணி எங்கே போகிறது? நிலையத்துக்குப் பின்னால் ஒரு குழி வெட்டி அதற்குள் விட்டால், எடுத்த உப்பையெல்லாம் செறிவாக்கி அதே நிலத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறோம். கடல் வரை குழாய் போட்டுக் கொண்டுபோய் விடத் தேவையான பணம் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்து வைக்க வேண்டாம்.

சங்கத்துக்கு எழுதும்போது இந்த வரிசையில் கேளுங்கள்: இந்தப் புரட்டாதிக்கு முன் மூன்று மானியும் ஒரு நிலஅளவையும், மாரிக்கு முன் தரவை அணையும் மதகும், பிறகு வருடத்துக்கு இத்தனை வீடு என்று மழைத்தொட்டி. வாசிப்புகளை எழுதும் கொப்பியின் ஒரு பிரதி பிரதேச செயலகத்திலும் ஒன்று பாடசாலையிலும் இருக்கட்டும். எழுதுபவர் வெளிநாடு போய்விட்டால் அடுத்தவர் அதே கிணற்றின் அதே புள்ளியிலிருந்து தொடர, கட்டில் பெயின்ற்றால் ஒரு குறி போட்டு, அந்தக் குறியின் படத்தையும் கொப்பியில் ஒட்டுங்கள். இரண்டு வருட வாசிப்பு சேர்ந்தபின் அனுப்புங்கள், எந்தக் கிணற்றில் எவ்வளவு எடுக்கலாம் என்று சேர்ந்திருந்து கணக்குப் பார்ப்போம்.